பள்ளியின் ‘ஈலாக்’ குழுவில் சேர்வது எப்படி? கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

கலிபோர்னியாவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த சில வாரங்களில் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். ‘உங்கள் குழந்தை ஆங்கிலம் கற்கும் மாணவர் என வகைப்படுத்தப்பட்டுள்ளார்’ என்று அதில் இருக்கும். எங்களுக்கு அது வந்த அன்று என் கணவர் இரண்டு முறை படித்துவிட்டு, “இவனுக்கா ஆங்கிலம் தெரியாது?” என்று கேட்டார். மகன் திருச்சியில் ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்து வந்தவன். யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே பள்ளியில் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது என்று அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தது. அதை நான் படித்தது ஒன்றரை ஆண்டு கழித்து. அந்த ஒன்றரை ஆண்டும் அறிவியல் பாடம் நடக்கும் நேரத்தில் மகனை வேறு அறைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். யார் அப்படி முடிவு செய்தார்கள், மாற்றச் சொல்லிக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய இடம் அந்தக் குழுதான்.

பள்ளி அளவில் இருக்கும் குழுவை ஈலாக் என்பார்கள். கல்வி மாவட்ட அளவில் இருப்பது டீலாக். இரண்டும் மாநிலச் சட்டப்படி அமைவன. பெற்றோர் சங்கம் போல நிதி திரட்டுவதும் விழா நடத்துவதும் இவற்றின் வேலை இல்லை. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று பள்ளிக்கு ஆலோசனை சொல்வதே வேலை. நான் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வீட்டுமொழிப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள்

சேர்க்கையின்போது நான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தருவார்கள். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, குழந்தை வீட்டில் அதிகம் பேசும் மொழி எது, நீங்கள் குழந்தையிடம் அதிகம் பேசும் மொழி எது, வீட்டில் உள்ள பெரியவர்கள் அதிகம் பேசும் மொழி எது என்பவை அவை. முதல் மூன்றில் எதற்காவது ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியை எழுதினால் பிள்ளைக்கு ‘எல்பேக்’ என்ற தொடக்கத் தேர்வு உண்டு. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் அதில் சோதிப்பார்கள். சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தேர்வு நடக்கும். மழலையர் வகுப்புக்கு முந்தைய ‘டி.கே.’ வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் 2024இல் வந்த சட்டத்தால் விலக்கு இருக்கிறது.

நம்மவர்கள் முதலில் தவறுவது இந்தப் படிவத்தில்தான். “நான்குக்கும் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுங்கள், தேர்வுத் தொல்லை இருக்காது” என்று வாட்ஸ்அப் குழுக்களில் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். கேட்காதீர்கள். உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகும். கலிபோர்னியாவில் 2013 முதல் நடப்பில் இருக்கும் நிதிமுறையில், ஆங்கிலம் கற்கும் மாணவர், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள மாணவர் ஆகியோருக்காகக் கல்வி மாவட்டத்துக்கு அடிப்படைத் தொகையின் மேல் 20 சதவீதம் கூடுதலாக வருகிறது. படிவத்தில் பொய் சொன்னால் அந்தக் கணக்கிலும் உங்கள் பிள்ளை வரமாட்டார்.

அதே சமயம், வீட்டில் உண்மையாகவே ஆங்கிலம்தான் அதிகம் புழங்குகிறது என்றால், தமிழ்மீது உள்ள பற்றினால் ‘தமிழ்’ என்று எழுதவும் வேண்டாம். படிவத்தைத் திருத்த வேண்டுமானால் தொடக்கத் தேர்வுக்கு முன்பே திருத்திவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு படிவத்தை மட்டும் மாற்றினால் வகைப்பாடு மாறாது.

இந்த வகைப்பாடு பிள்ளையின் அறிவுக்கு இட்ட மதிப்பெண் இல்லை. ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்குப் பாடப்புத்தக ஆங்கிலம் இருக்கும். வகுப்பில் எழுந்து வாதாடவும், கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவும் வேண்டிய ஆங்கிலம் பழகியிருக்காது. என் மகனுக்கும் அங்கேதான் இடறியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது.

2. உங்கள் பள்ளியில் குழு இருக்க வேண்டுமா என்று எண்ணிக்கையைப் பாருங்கள்

ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் 21 பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் ஈலாக் கட்டாயம். கல்வி மாவட்டம் முழுவதிலும் 51 பேரோ மேலோ இருந்தால் டீலாக் கட்டாயம். மாநிலக் கல்வித்துறையின் ‘டேட்டாகுவெஸ்ட்’ இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் எண்ணிக்கை கிடைக்கும். கட்டணமோ பதிவோ கிடையாது.

எண்ணிக்கை 21க்கு மேல் இருந்தும் “எங்கள் பள்ளியில் அப்படி ஒரு குழு இல்லை” என்று அலுவலகத்தில் சொன்னால், பெரும்பாலும் பேசியவருக்குத் தெரியவில்லை என்று பொருள். அல்லது வேறொரு குழுவோடு இணைத்திருப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆலோசனைக் குழுவை ஈலாக்காகப் பயன்படுத்தலாம், ஆனால் உறுப்பினர் விகிதம் சட்டத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். அது எந்தக் குழு, உறுப்பினர்கள் யார் என்று கேளுங்கள்.

விகிதக் கணக்கு எளிது. 500 மாணவர்களில் 100 பேர் ஆங்கிலம் கற்பவர்கள் என்றால் அது 20 சதவீதம். குழுவில் 10 பேர் இருந்தால் குறைந்தது 2 பேர் அந்தப் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். கூடுதலாக இருக்கத் தடை இல்லை.

எண்ணிக்கை 21க்குக் கீழே என்றால் நேரே 8ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

3. ஒரு கோப்பு தொடங்குங்கள்

உறுப்பினராகச் சேர எந்தச் சான்றிதழும் தர வேண்டியதில்லை. குடியுரிமை, விசா, வருமானம், உங்கள் ஆங்கிலப் புலமை எதுவும் நிபந்தனை இல்லை. ஆங்கிலம் சரளமாக வராததால் ஒரு பெற்றோரின் உரிமை குறையாது என்று மாநிலக் கல்விச் சட்டமே சொல்கிறது. பள்ளி வளாகத்துக்குள் நுழையும்போது புகைப்படம் உள்ள அடையாள அட்டையைப் பல பள்ளிகள் கேட்கின்றன, கையோடு கொண்டுபோங்கள். கைரேகைப் பதிவும் காசநோய்ச் சோதனையும் வகுப்பில் பிள்ளைகளோடு தொண்டு செய்வோருக்கான விதிகள். மாவட்டத்துக்கு மாவட்டம் இது மாறும். கூட்டத்துக்கு வரவும் அவை வேண்டும் என்று யாராவது சொன்னால், எழுத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகு பணம் கட்டுங்கள்.

கோப்பு உங்களுக்காக. நான்கு தாள்கள் அதில் இருக்கட்டும்: நீங்கள் நிரப்பிய வீட்டுமொழிப் படிவத்தின் நகல், எல்பேக் மதிப்பெண் அறிக்கை, முதலில் சொன்ன அந்தக் கடிதம், ‘பள்ளித் திட்டம்’ என்ற ஆவணம். முதல் மூன்றும் உங்கள் பிள்ளையின் பதிவேட்டில் இருக்கும். எழுத்தில் கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம்.

நான்காவதை எஸ்.பி.எஸ்.ஏ. என்பார்கள். பள்ளியின் ஆண்டுக் குறிக்கோள்கள், அவற்றுக்கு எவ்வளவு பணம், எந்தக் கணக்கிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் பள்ளி இணையதளத்தில் கிடைக்கும். நீளமான ஆவணம்தான். ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கான குறிக்கோளும் அதன் செலவு அட்டவணையும் உள்ள பக்கங்களை மட்டும் அச்செடுத்தால் போதும்.

4. பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே எழுதுங்கள்

பள்ளிகள் ஆகஸ்டில் திறக்கின்றன. பல பள்ளிகளில் ஈலாக் தேர்தல் செப்டம்பர் அல்லது அக்டோபரில் முடிந்துவிடும். நான் ஜனவரியில் போய் நின்றபோது “இந்த ஆண்டு இடங்கள் நிரம்பிவிட்டன” என்றார்கள். முகம் தொங்கத் திரும்பி வந்தேன். அங்கேதான் ஏமாந்தேன். வாக்களிக்கும் இடம் நிரம்பியிருக்கலாம், ஆனால் கூட்டம் அனைவருக்கும் திறந்தது. உறுப்பினர் அல்லாத பெற்றோரும் வரலாம், பேசலாம். கூட்டத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே, பொருள்நிரலைப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்ட வேண்டும். நிரலில் இல்லாத பொருளில் முடிவெடுக்கக் கூடாது.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தச் செய்தி அதில் இருந்தால் போதும்:

‘என் பிள்ளை இந்தப் பள்ளியில் இத்தனையாம் வகுப்பில் படிக்கும் ஆங்கிலம் கற்கும் மாணவர். இந்த ஆண்டுக்கான ஈலாக் தேர்தல் எப்போது, வேட்பாளராக நிற்க என்ன செய்ய வேண்டும்? கூட்டத் தேதிகளையும் சென்ற ஆண்டின் கூட்டக் குறிப்புகளையும் அனுப்புங்கள். எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை.’

தொலைபேசியில் கேட்காதீர்கள், கேட்டதற்குச் சாட்சி இருக்காது. பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலை மேலே வைத்து மீண்டும் அனுப்புங்கள். மாவட்ட அலுவலகத்தில் ஆங்கிலம் கற்போருக்கான பிரிவுக்கு நகல் போகட்டும்.

பெற்றோர் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் பெற்றோர்தான். அவர்கள் எல்லோருக்கும் வாக்களிக்கும் வாய்ப்பு தர வேண்டும். பள்ளி முதல்வர் தமக்குத் தெரிந்த இரண்டு பேரை நியமித்துக்கொள்வது தேர்தல் ஆகாது.

5. நேரம், செலவு, மொழிபெயர்ப்பு

கட்டணம் எதுவும் இல்லை. ஊதியமும் இல்லை. ஆண்டுக்கு எத்தனை கூட்டம் என்று சட்டம் எண் வைக்கவில்லை. நான்கு முதல் ஆறு கூட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடத்தும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பொருள்நிரலையும் தரவுகளையும் படிக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். படிக்காமல் போனால் தலையாட்டிவிட்டு வருவதுதான் நடக்கும்.

கையிலிருந்து போவது பெட்ரோலும், சிறு குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்பவருக்குத் தரும் பணமும். உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிப்பது கல்வி மாவட்டத்தின் கடமை. பயிற்சிக்கும் வருகைக்குமான செலவைப் பள்ளிக்கு வரும் நிதியிலிருந்து ஈடுகட்ட இடம் இருக்கிறது. கூட்டத்தின்போது குழந்தைப் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். எங்கள் பள்ளியில் கேட்ட அடுத்த மாதமே நூலகத்தில் ஏற்பாடு செய்தார்கள். அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

கூட்டம் காலை எட்டரைக்கு என்றால் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வது? ஒரே இடத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை, மாதத்துக்கு 8 மணி நேரத்துக்கு மிகாமல், விடுப்பு எடுக்கக் கலிபோர்னியத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சம்பளத்தோடு தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சேமித்த விடுமுறையைக் கழிக்கலாம். பள்ளியிலிருந்து சான்று கேட்டால் தர வேண்டியிருக்கும், அதனால் கூட்டம் முடிந்ததும் வருகைச் சீட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பள்ளியில் 15 சதவீதமோ அதற்கு மேலோ மாணவர்கள் ஒரே மொழியைப் பேசினால்தான், பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அந்த மொழியிலும் எழுதி அனுப்ப மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஸ்பானிஷ் அந்த அளவை எளிதில் தொடும், தமிழ் அநேகமாகத் தொடாது. ஆகவே தமிழில் தாள் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வாய்மொழிப் பெயர்ப்பாளரைக் கேளுங்கள். நேரில் கிடைக்காவிட்டாலும் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்கிறார்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது எழுதிக் கேட்க வேண்டும். பெயர்ப்பவருக்கு நமது பேச்சு வழக்கு புரியுமா என்றும் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு ஒரு முறை வந்த பெயர்ப்பாளரின் சென்னைத் தமிழ் பாதிதான் புரிந்தது.

பிள்ளையைப் பெயர்ப்பாளராக அழைத்துப் போகாதீர்கள். பேச்சு அந்தப் பிள்ளையைப் போன்றவர்களைப் பற்றியது. எட்டு வயதுக் குழந்தை தன் குறையைத் தன் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்லும்படி விடக் கூடாது.

6. கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்

ஈலாக்குக்கு நான்கு வேலைகள். பள்ளித் திட்டத்தில் ஆங்கிலம் கற்போருக்கான பகுதி பற்றிப் பள்ளி முதல்வருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆலோசனை சொல்வது. பள்ளியின் தேவைகளைக் கணக்கெடுப்பதில் உதவுவது. நாள் தவறாமல் பள்ளிக்கு வருவதன் அவசியத்தைப் பெற்றோருக்கு உணர்த்தும் வழிகளைச் சொல்வது. டீலாக்குக்குக் குறைந்தது ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது.

பல கூட்டங்களில் என்ன நடக்கும் தெரியுமா? திரையில் படங்கள் ஓடும், நூலகத் திறப்பு நேரம் சொல்வார்கள், பன்னாட்டு உணவு விழாவுக்குச் சமோசா கொண்டுவர முடியுமா என்று கேட்பார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தாள் சுற்றி வரும். நல்ல மனிதர்கள்தான், வரவேற்பும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆலோசனை எதுவும் நடந்திருக்காது.

தேவைக் கணக்கெடுப்பு என்ற பேச்சு வரும் கூட்டத்துக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோனவை இவை. ஆங்கிலம் கற்போர் வகுப்பு வாரியாக எத்தனை பேர்? எல்பேக் ஆண்டுத் தேர்வின் நான்கு நிலைகளில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்? சென்ற ஆண்டு எத்தனை பேர் இந்த வகையிலிருந்து வெளியேறினார்கள்? ஆறு ஆண்டுக்கு மேலாக இதிலேயே இருப்பவர்கள் எத்தனை பேர்? ஆங்கில மொழி வளர்ச்சிக்கான தனி வகுப்பு தினமும் எத்தனை நிமிடம், யார் எடுக்கிறார்கள், அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் என்ன பாடம் படிக்கிறார்கள்?

என் மகனின் அறிவியல் பாடம் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அவனைப் போல இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். மொழி வகுப்புக்காக ஒரு பிள்ளை மற்றொரு முதன்மைப் பாடத்தை இழக்கக் கூடாது என்பதில் ஆசிரியர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கால அட்டவணை போட்டபோது யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியேறும் விதியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரி 1 முதல் மே 31 வரை நடக்கும் எல்பேக் ஆண்டுத் தேர்வில் ஒட்டுமொத்தமாக நான்காம் நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரோடு கலந்தாலோசனை, அடிப்படைத் திறனில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அதே வயது மாணவர்களோடு ஒப்பீடு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் மறுவகைப்படுத்தல். கடைசியில் சொன்ன ஒப்பீட்டுக்கு எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண் என்பதை மாவட்டம் தீர்மானிக்கிறது. நான்காம் நிலையை எட்டிய பிள்ளை இதில் சிக்கிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்க்கிறேன். வெளியேறிய பிறகும் நான்கு ஆண்டுகள் பள்ளி அந்தப் பிள்ளையைக் கவனித்துவர வேண்டும்.

வருகை பற்றிய பேச்சில் நம்மவர்களுக்கு ஒரு சொந்தச் சங்கதி இருக்கிறது. டிசம்பர் விடுமுறையோடு சேர்த்து ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்து வருகிறோம். 180 நாள் பள்ளி ஆண்டில் 18 நாள் வராவிட்டால் பிள்ளை ‘நீண்டகால வருகையின்மை’ கணக்கில் ஏறிவிடுவார். பாட்டி தாத்தாவைப் பார்க்காமல் இருக்கச் சொல்ல நான் தயாரில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன் பள்ளியில் ‘இண்டிபெண்டன்ட் ஸ்டடி’ ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். பயணத்தின்போது செய்ய வேண்டிய பாடங்களை முன்கூட்டியே தந்து, முடித்துக் கொண்டுவந்தால் வருகையாகக் கணக்கிடும் ஏற்பாடு அது. இந்த விவரத்தை எல்லாப் பெற்றோருக்கும் அக்டோபரிலேயே அனுப்புங்கள் என்று குழுவில் நான் சொன்ன யோசனையைத்தான் பள்ளி முதலில் ஏற்றது.

7. சொன்னது குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வாயால் சொன்னது அந்த அறையோடு நின்றுவிடும். கூட்டக் குறிப்பில் ‘குழு பரிந்துரைக்கிறது’ என்று ஏறினால்தான் அது ஆலோசனை. முதல் இரண்டு கூட்டங்களில் நான் மனம் நொந்து பேசியது குறிப்பில் ‘பெற்றோர் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டனர்’ என்ற ஒரே வரியாகிவிட்டது.

மூன்றாவது கூட்டத்தில் வழியை மாற்றினேன். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே தலைவருக்கு எழுதி, என் பொருளை நிரலில் சேர்க்கச் சொன்னேன். பரிந்துரையை ஒரே வாக்கியமாக எழுதி எடுத்துப்போனேன்: ‘மூன்றாம், நான்காம் வகுப்புகளில் மொழி வளர்ச்சி வகுப்பு அறிவியல், கணித நேரங்களில் நடத்தப்படக் கூடாது.’ வாசித்து, வாக்கெடுப்புக் கேட்டு, எண்ணிக்கையோடு பதியச் சொன்னேன். அடுத்த கூட்டத் தொடக்கத்தில் குறிப்பை ஏற்கும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் வரைவில் இல்லை. திருத்தச் சொன்னபோது உடனே திருத்தினார்கள்.

பரிந்துரை அங்கிருந்து ‘ஸ்கூல் சைட் கவுன்சில்’ என்ற இன்னொரு குழுவுக்குப் போகும். பள்ளித் திட்டத்தை வகுத்து, பணத்தோடு சேர்த்து ஏற்பது அந்தக் குழு. ஏற்கும் முன் ஈலாக்கின் பரிந்துரைகளைக் கருத வேண்டும் என்பதற்காக, திட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஈலாக் சார்பில் கையெழுத்திட ஓர் இடம் இருக்கிறது. சுற்றி வரும் அந்தத் தாள் சில சமயம் இதுவாக இருக்கும். வருகைப் பதிவு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். திட்டம் ஈலாக் முன் வைக்கப்பட்டதா, பரிந்துரைகள் போய்ச் சேர்ந்தனவா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் இது வசந்த காலத்தில் நடக்கும். பிப்ரவரிக்குள் பரிந்துரை எழுத்தில் இருக்கட்டும். மே மாதம் சொல்லும் யோசனைக்குப் பணம் மிச்சமிருக்காது.

8. டீலாக்: மாவட்டத்தின் மேசை

ஒவ்வொரு ஈலாக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. டீலாக்கில் குறைந்தது 51 சதவீதத்தினர், மாவட்டத்தில் வேலை செய்யாத, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். மறுவகைப்படுத்தல் விதிகள், பெற்றோருக்கு அனுப்பும் கடிதங்களின் வாசகம், ஆசிரியர் தகுதி எல்லாம் இங்கே வரும். பள்ளியில் ஈலாக் இல்லாதவர்கள் நேரே இந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள்.

மாவட்டத்தின் செலவுத் திட்டமான ‘எல்கேப்’ ஜூலை 1க்குள் ஏற்கப்பட வேண்டும். அதற்கு முன் அதன் வரைவு டீலாக் முன் வரும். அங்கே குழு எழுத்தில் தரும் கருத்துகளுக்கு மாவட்டக் கண்காணிப்பாளர் எழுத்திலேயே பதில் தர வேண்டும். இந்தப் பதில் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டுப் பேச்சை அதிலிருந்து தொடங்கலாம்.

தமிழ் இருமொழி வகுப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 58ஆம் முன்மொழிவின்படி, ஒரு பள்ளியில் 30 மாணவர்களின் பெற்றோரோ, ஒரே வகுப்பில் 20 மாணவர்களின் பெற்றோரோ ஒரு மொழித் திட்டத்தைக் கேட்டால், அது இயலுமா என்று பள்ளி ஆராய்ந்து 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொடங்கியே தீர வேண்டும் என்பதில்லை. கோரிக்கைகளைப் பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதியோடு எழுத்தில் கொடுங்கள்.

9. எதுவும் நடக்காவிட்டால்

குழுவே அமைக்கவில்லை, தேர்தல் நடத்தவில்லை, பொருள்நிரல் ஒட்டவில்லை என்றால் முதலில் பள்ளி முதல்வருக்கும் அடுத்து மாவட்டப் பிரிவுக்கும் எழுதுங்கள். பெரும்பாலும் இங்கேயே சரியாகிவிடும். கூட்டக் குறிப்புகளைத் தர மறுத்தால், பொது ஆவணச் சட்டப்படி கேட்கிறேன் என்று மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள். ஆவணம் தரப்படுமா என்பதை 10 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் நகல் செலவையும் தவிர்க்கலாம்.

அதுவும் பலிக்காவிட்டால் யூ.சி.பி. என்ற புகார் நடைமுறை இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் பெற்றோருக்கு இதுபற்றி அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. விதிமீறல் நடந்த ஓராண்டுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மாவட்டம் 60 நாட்களுக்குள் விசாரித்து எழுத்தில் முடிவு தர வேண்டும். முடிவு சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள் மாநிலக் கல்வித்துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். புகாரில் ஆதங்கத்தைக் கொட்டாதீர்கள். எந்தத் தேதியில் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எந்தக் கடமை நிறைவேறவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, 3ஆம் படியில் தொடங்கிய கோப்பிலிருந்து மின்னஞ்சல்களின் நகலை இணையுங்கள்.

என் மகன் ஐந்தாம் வகுப்பில் மறுவகைப்படுத்தப்பட்டுவிட்டான். என் கோப்பை இப்போது மழலையர் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருவர் வைத்திருக்கிறார். வரும் செப்டம்பர் தேர்தலில் அவர் நிற்கிறார்.